எல்லா லூஸும் தளர்வு அல்ல: கலைச்சொல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்கல்விப் பாடநூல்களையும் கலைச்சொல் பட்டியலையும் தமிழில் ஆக்கும் குழுவினருக்கு,

நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் இயந்திரவியல் கலைச்சொல் வரைவில், ‘லூஸ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘தளர்வு’ ஆறு இடங்களில் வருகிறது. செயின் தொங்குவது தளர்வு. கிளட்ச் பிடி வேலையைத் தொடங்குமுன் சும்மா நகரும் தூரம் தளர்வு. வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் சந்து தளர்வு. தேய்ந்த புஷ்ஷுக்குள் தண்டு ஆடுவதும் தளர்வு, லேத் திருகைத் திசை மாற்றித் திருப்பும்போது சும்மா சுழலும் பேக்லாஷும் தளர்வு, கழன்று நிற்கும் நட்டும் தளர்வு.

இந்த ஆறில் முதல் மூன்றும் இருந்தே ஆக வேண்டியவை. அவை இல்லாவிட்டால் வண்டி கெடும். ஆட்டமும் கழன்ற நட்டும் இருக்கவே கூடாதவை. பேக்லாஷ் ஓரளவு இருக்கத்தான் செய்யும். அதை வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழக வேண்டும். மருந்தையும் நோயையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, ‘தளர்வை நீக்குக’ என்று பயிற்சிக் கையேட்டில் எழுதினால் மாணவன் எதை நீக்குவான்?

கையேட்டு வரைவில் பைக் செயினைச் சரிசெய்யும் பகுதி இப்படிப் போகிறது: ‘ஆக்ஸில் நட்டு தளர்வு செய்யவும். செயின் தளர்வு சரிபார்க்கவும். தளர்வு இருப்பின் நீக்கவும். சக்கரத் தளர்வு பரிசோதிக்கவும்.’ நான்கு வரி, நான்கு தளர்வு. முதலாவது மாணவன் செய்ய வேண்டிய செயல். இரண்டாவது அளக்க வேண்டிய அளவு. மூன்றாவதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும். நான்காவது ஒரு பழுது.

செயினில் தொய்வு ஏன் வேண்டும்? பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு அச்சில் மேலும் கீழும் அசைகிறது. அந்த அச்சு, செயின் மாட்டும் பற்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டின் மையத்தில் இல்லை, அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதனால் வண்டி பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஆர்ம் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் தூரம் மிக அதிகம். அந்த நிலையிலும் செயின் விறைக்காமல் இருக்கத்தான் தொய்வு விடுகிறோம். சாதாரண நூறு சிசி, நூற்றைம்பது சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது 20 முதல் 30 மி.மீ. வரை. ஆள் ஏறாமல் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் தொய்வை முழுக்க எடுத்துவிட்டால், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் செயின் நாண் போல விறைத்து, முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும். ஸ்ப்ராக்கெட் பல்லும் சீக்கிரம் கூராகும். தொய்வு மிஞ்சினால் செயின் பல்லிலிருந்து தாவி விழும். ஓடும்போது விழுந்து சிக்கினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

அதே நான்கு வரியை எந்த மெக்கானிக்கும் இப்படித்தான் சொல்வார்: ‘வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் வை. சக்கரத்தைக் கையால் சுற்றி, செயின் எந்த இடத்தில் அதிகம் விறைக்கிறது என்று பார். அந்த நிலையில், கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேலை வைத்து விரலால் மேலும் கீழும் தள்ளி, தொய்வை அள. அளவு மிஞ்சியிருந்தால் ஆக்ஸில் நட்டை இளக்கு. இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சமமாகத் திருப்பு. ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கு. இறுக்கியபின் தொய்வை மறுபடி அள, ஏனென்றால் இறுக்கும்போது அளவு நகரும். கடைசியில் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து அசைத்து, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்.’ தொய்வு, இளக்கு, ஆட்டம். மூன்றும் பட்டறையில் தினம் புழங்கும் சொற்கள். எதையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

இதோடு இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. டிரம் பிரேக் வண்டியில் செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும். பெடலின் ப்ளே, அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் அது சும்மா நகரும் தூரம், குறைந்துபோகும். பெடல் நுனியில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. ப்ளே இருக்க வேண்டும். அதைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும், டிரம் சுடும், மைலேஜ் குறையும். செயின் தொய்வைச் சரிசெய்ததால் பிரேக் ப்ளே மாறுகிறது என்ற இந்த உறவை உங்கள் கையேடு எப்படிச் சொல்லும்? ‘தளர்வைக் குறைத்ததால் தளர்வு குறையும்’ என்றா?

வால்வு இடைவெளிக்கு, பட்டறைப் பேச்சில் டேப்பெட்டுக்கு, வருவோம். சின்ன வண்டிகளில் வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. அளவில் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், ஃப்ளைவீலின் ‘டி’ குறி கேஸில் உள்ள கோட்டோடு நேராக நிற்க வேண்டும். அப்போது ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்தால் லேசாகப் பிடித்து வழுக்க வேண்டும். இந்த இடைவெளி இல்லாவிட்டால், சூடேறி வால்வு நீளும்போது அது சீட்டில் முழுக்க உட்காராது. கம்ப்ரெஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகும். அதிகமானால் டிக்டிக்கென்று தட்டும், வால்வு முழு உயரம் திறக்காது. தட்டும் சத்தம் காதில் விழுந்துவிடும், அதனால் ஆள் பட்டறைக்கு வந்துவிடுவார். இடைவெளியே இல்லாத என்ஜின் நல்ல பிள்ளை மாதிரி அமைதியாக ஓடி வால்வைத் தின்றுவிடும். அதனால்தான் ‘நீக்கு’ என்ற சொல் இங்கே அவ்வளவு ஆபத்தானது.

கிளட்ச் பிடியும் இதே கதைதான். நுனியில் 10 முதல் 20 மி.மீ. சும்மா வர வேண்டும். அது இல்லையென்றால் கை எடுத்தபிறகும் கேபிள் பிளேட்டுகளை லேசாக விலக்கியே வைத்திருக்கும். ஏற்றத்தில் என்ஜின் உறுமும், வண்டி நகராது, பிளேட் தீய்ந்த வாடை வரும். இந்தச் ‘சும்மா வருவதற்கு’ நல்ல தமிழ்ச் சொல் ஒன்று பட்டறையில் நிலைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. ‘ப்ளே’ என்கிறார்கள். பொருத்தமான சொல் ஊன்றும்வரை ‘ப்ளே’ என்றே எழுதுங்கள், தமிழ் ஒன்றும் இடிந்துவிடாது. தவறான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல் என்பது எங்கள் கருத்து. உங்களில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும்.

லேத் பற்றிய பக்கத்தில் குழப்பம் இன்னும் கூடுகிறது. வெட்டும் உளியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் இரண்டு வகை லூஸ் உண்டு. ஸ்லைடு தன் வழித்தடத்தில் பக்கவாட்டில் ஆடுவது ஒன்று; அதற்கு, ஸ்லைடுக்கும் வழித்தடத்துக்கும் நடுவே உள்ள கிப் பட்டையின் திருகுகளை ஒவ்வொன்றாகச் சமமாக இறுக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பும் திசையை மாற்றும்போது, திருகின் மரை நட்டின் மரையோடு மறுபக்கம் சேரும்வரை ஸ்லைடு நகராமல் நிற்பது இன்னொன்று, அதுதான் பேக்லாஷ். கிப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பேக்லாஷ் போகாது. ஸ்லைடு கனத்துப்போகும், அவ்வளவுதான். பேக்லாஷுக்கு அன்றாட வழி, எப்போதும் ஒரே திசையில் அளவுக்கு வருவது. குறி தாண்டிப் போய்விட்டால் வெறும் இரண்டு கோடு பின்னால் திருப்பி நிறுத்தக் கூடாது. அரைச் சுற்றுக்கு மேல் பின்வாங்கி, மறுபடி முன்னால் வந்து குறியில் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் ‘தளர்வு’ என்று பெயர் வைத்து, ‘கிப் திருகுகளை இறுக்கித் தளர்வைப் போக்கலாம்’ என்று எழுதினால், மாணவன் திருகை முறுக்கி முறுக்கி ஓய்ந்துபோவான், வேலைப்பொருள் அளவு தவறிக்கொண்டே இருக்கும்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் சக்கரத்தின் பேக்லாஷ் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. இதை ‘தளர்வு’ என்று பெயர்த்தால் ஸ்டியரிங் வீலின் நட்டு கழன்றிருப்பதாகப் படிக்கலாம், டயரில் காற்று குறைந்திருப்பதாகக்கூடப் படிக்கலாம். வீலைத் திருப்பியும் முன்சக்கரம் திரும்பாத கோணம் என்ற பொருள் எங்கேயும் வராது.

துளையும் தண்டும் எவ்வளவு இறுக்கமாகச் சேரும் என்று சொல்லும் பொருத்தங்களின் பட்டியலில் மட்டும் ‘தளர்பொருத்தம்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் பாருங்கள். 25 மி.மீ. துளைக்கும் தண்டுக்கும் அளவு வரம்பை எச்7/ஜி6 என்ற குறியீட்டால் குறித்தால் துளை 25.000 முதல் 25.021 வரை, தண்டு 24.980 முதல் 24.993 வரை. இடைவெளி குறைந்தது 0.007, அதிகம் 0.041 மி.மீ. கையில் பிடித்து ஆட்டினால் எதுவும் ஆடாது. எண்ணெய்ப் படலம் நிற்கும், தண்டு வழுக்கிப் போகும். இதைத் ‘தளர்’ என்றால் லொடலொடவென்று கிடக்கும் என்றுதான் முதலாமாண்டு மாணவன் நினைப்பான். ‘இடைவெளிப் பொருத்தம்’ என்றால் அளவு கேட்பான். பேரிங் பெட்டியில் 6205 சி3 என்று இருக்குமே, அந்த சி3-யும் இதே சங்கதி. உள்வளையம் சூடேறி விரியும் மோட்டார்களுக்காகச் சாதாரண பேரிங்கைவிடச் சற்றுக் கூடுதலாக உள் இடைவெளி விட்டுச் செய்தது. புது பேரிங்கே ‘தளர்வு’ என்று திருப்பிக் கொடுக்கிற ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நீங்களும் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள்.

மின் இணைப்புகளில் நிலைமை தலைகீழ். அங்கே லூஸ் என்றால் பழுது மட்டும்தான், அளவாக விடுகிற பேச்சே இல்லை. 3 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 13 ஆம்பியர் இழுக்கும். டெர்மினல் திருகு சரியாகப் பிடிக்காமல் அங்கே 0.1 ஓம் தடை உண்டானால், 13-ஐ 13-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 17 வாட் சூடு அந்தச் சின்னத் திருகில். சின்ன சால்டரிங் அயனே 25 வாட்தான். பித்தளை கறுக்கும், வயரின் உறை உருகும், சூட்டில் திருகு இன்னும் இளகும், தடை இன்னும் ஏறும். இதற்கும் செயின் தொய்வுக்கும் ஒரே சொல்லைத் தந்துவிட்டு, ‘ஓரளவு தளர்வு அனுமதிக்கப்படும்’ என்று ஒரு பக்கத்திலும் ‘தளர்வு தீ விபத்தை உண்டாக்கும்’ என்று இன்னொரு பக்கத்திலும் அச்சிடப் போகிறீர்கள்.

சொல்லின் சொந்த ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘தளர்’ என்றால் தமிழில் முதலில் வருவது வலுக் குறைவு. குழந்தையின் தளர்நடை, வயதில் தளர்ந்த உடம்பு, மனத்தளர்ச்சி. மூதுரையின் ‘நின்று தளரா வளர்தெங்கு’ என்பது சோராமல் நிமிர்ந்து நிற்கும் மரம். பிடி விடுவதைச் சொல்ல ‘நெகிழ்’ உண்டு. குறள் 1236 ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது. அதற்கு இரண்டு குறள் முன்னால் ‘பைந்தொடி சோரும்’ என்று வருகிறது. பட்டறைக் கண்ணால் பார்த்தால் அங்கே வளை தேயவில்லை, தோள்தான் மெலிந்தது. தண்டு தேய்ந்து புஷ்ஷுக்குள் ஆட்டம் வருகிற அதே கணக்கு. அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே இரண்டு வினைகள். நீங்கள் ஆறு பொருளுக்கு ஒன்றே ஒன்றை வைத்திருக்கிறீர்கள்.

‘தளர்வு’ இப்படிப் பெருத்ததற்குக் காரணம் அரசாணைத் தமிழ் என்றே நினைக்கிறோம். விதியைத் தளர்த்துவது பழைய வழக்குதான். இலங்கையில் ஊரடங்குச் சட்டம் சில மணி நேரம் ‘தளர்த்தப்படும்’ என்ற அறிவிப்பைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. பிறகு கொரோனா வந்தது. 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் ‘தளர்வுகளற்ற முழு ஊரடங்கு’ என்று அறிவித்தபோது தளர்வு எண்ணிக்கையுள்ள பொருளாகிவிட்டது: ஒரு தளர்வு, இரண்டு தளர்வுகள், கூடுதல் தளர்வுகள். விதிக்கு அது பொருந்தும், யாரும் குறை சொல்லவில்லை. செயினுக்குப் பொருந்தாது.

பெயர்ச்சொல்லாக்கியதில் இன்னொரு நட்டமும் உண்டு. தமிழ் வினைகள் இதில் இரட்டையாக நடக்கும். இளகு, இளக்கு. கழல், கழற்று. நெகிழ், நெகிழ்த்து. தளர், தளர்த்து. முதலாவது தானாக நடந்தது, அதாவது பழுது. இரண்டாவது ஆள் செய்தது, அதாவது வேலை. ‘நட்டு இளகியிருக்கிறதா பார்’, ‘நட்டை இளக்கு’ என்று எழுதினால் ஒரே ஒரு வல்லெழுத்து பழுதையும் வேலையையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. ‘தளர்வு உள்ளதா’, ‘தளர்வு செய்க’ என்றால் அந்த வசதி போயிற்று. தொய்வுக்கு ‘தொய்த்து’ என்று பட்டறையில் யாரும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். தொய்வு தானாக விழுவது. ஆள் அதை விட்டுவைக்கலாம், அல்லது எடுக்கலாம்.

‘லூஸ்’ என்ற சொல்லை விரட்டத்தான் தளர்வைக் கொண்டுவந்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது வசைச்சொல்லாகிவிட்டது என்பது உங்கள் வாதம். மனிதரைப் பார்த்து ‘லூசு’ என்பது வசைதான், பாடநூலில் அதற்கு இடமில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு இதில் குழப்பம் இல்லை. ‘அவன் லூசு’ என்றால் வசை. ‘அவனுக்குச் சட்டை லூசு’ என்றால் தையல்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பொருள். ஒரு வேற்றுமை உருபு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அந்தத் தையல்காரரும் மார்பு 36 அங்குலம் அளந்தால் ‘4 இன்ச் லூஸ்’ விட்டு 40 வைத்துத்தான் வெட்டுகிறார். அவருக்கு லூஸ் என்பது விட வேண்டியது. லூஸை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அதற்கும் பல பொருள் உண்டு, ஆனால் பேசும்போது கையால் காட்டிச் சரிசெய்துகொள்வார்கள். நூலுக்குக் கை இல்லை. லூஸுக்குப் பதிலாக இன்னொரு லூஸை வைத்தால் என்ன பயன்?

வேளாண் பகுதியில் ‘மண்ணைத் தளர்வாக்கி’ என்றும், கட்டடப் பகுதியில் ‘தளர்வான கலவை’ என்றும் கண்டோம். மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவார்கள் அல்லது இளக்குவார்கள். தண்ணீர் கூடிய கலவையைக் கொத்தனார் ‘இளக்கமா இருக்கு’ என்பார். தொடுக்காத பூவுக்கு உதிரிப்பூ என்ற அழகான சொல் இருக்க, ‘தளர்வான மலர்கள்’ என்று எப்படித்தான் மனம் வந்ததோ. அது இயந்திர மொழிபெயர்ப்பாக இருந்தால் நீக்கிவிடுங்கள். மனிதர் எழுதியதாக இருந்தால் அவரை ஒரு நாள் பூச்சந்தைக்கு அனுப்புங்கள்.

2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் நடக்கின்றன. தமிழில் படித்தவனுக்குச் சரக்கு தெரியாது என்று சொல்லக் காத்திருப்பவர்கள் நிறைய. ‘தளர்வை நீக்கு’ என்று படித்துவிட்டு டேப்பெட்டை இறுக்கி வைக்கிற மாணவன் அவர்கள் வாயில் அவல் போடுகிறான். குற்றம் அவனுடையது அல்ல.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை. வரைவில் உள்ள ஆறு பதிவுகளையும் பிரியுங்கள்: செயின், பெல்ட், கயிறு, கம்பிக்குத் தொய்வு, வால்வு, பேரிங், பொருத்தங்களுக்கு இடைவெளி, பிடிக்கும் பெடலுக்கும் ப்ளே, தேய்மானத்தால் வருவதற்கு ஆட்டம், நட்டு, திருகு, மின்முனைக்கு இளகலும் கழலலும், லேத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் பேக்லாஷ், பக்கத்திலேயே ஒரு வரி விளக்கத்தோடு. தளர்வை விதிகளுக்கும் உடம்புக்கும் விட்டுவிடுங்கள். கையேட்டில் ‘தளர்வு செய்க’ என்று வருகிற ஒவ்வொரு இடத்தையும் வினையாக மாற்றுங்கள். ‘நீக்குக’ என்ற சொல் ஆட்டத்துக்கும் கழன்றதற்கும் மட்டும் வரட்டும். மற்றவற்றுக்கு ‘அளவுக்குக் கொண்டுவருக’ என்று எழுதி, அளவை மில்லிமீட்டரில் தந்து, எங்கே எப்படி அளப்பது, குறைந்தால் என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும் என்பதை அதே பத்தியில் சேருங்கள்.

செயின், டேப்பெட், கிராஸ் ஸ்லைடு பகுதிகள் மூன்றையும் அச்சுக்கு அனுப்புமுன் நிறுத்திவையுங்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள் நான்கைந்து பேரிடம் அந்தப் பக்கங்களைக் கொடுத்து, வண்டியையும் லேத்தையும் எதிரே நிறுத்தி, வாய்விளக்கம் எதுவும் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்க்க ஒரு மெக்கானிக்கும் ஒரு டர்னரும் குழுவில் இருக்கட்டும், அவர்களுக்கும் மற்ற உறுப்பினர்களுக்குத் தருகிற அதே படித்தொகையைத் தாருங்கள். மாணவர்கள் எந்த வரியில் ஸ்பானரைத் தவறான நட்டில் வைக்கிறார்கள் என்று குறித்து, அந்தக் குறிப்பை அடுத்த வரைவோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையிலும் பயிற்சிக்கூடத்திலும் தமிழில் கற்பிப்போர் சிலர்